காயம் ஆறியும் வலி ஆறலையா? நரம்பு வலியைத் தெரிந்துகொள்வோம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் உடம்பு பற்றிய பேச்சு வரும். நாங்கள் போகிற ஊர்களில் எல்லாம் இதைப் பார்க்கிறோம். "உள்ளங்கால் ராத்திரி பூரா எரியுது" என்பார் ஒருவர். "அக்கி வந்து ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ரவிக்கை பட்டா உயிர் போகுது" என்பார் இன்னொருவர். "கை மரத்துப் போகுது, ராத்திரி உதறி உதறிப் பார்க்கிறேன்" என்பார் தையல் வேலை செய்யும் ஒரு தங்கை.

பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். புண் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தாலும் "ஒண்ணுமில்லை" என்று வரும். உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "வேலைக்குப் பயந்துக்கிட்டு சொல்றா." "எல்லாம் மனசுதான் காரணம்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, வலியை வெளியில் சொல்வதையே விட்டுவிட்ட சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய பேர்.

அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம். வெளியில் காயம் எதுவும் தெரியாமலே கடுமையான வலி இருக்க முடியும். அது நடிப்பு இல்லை. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே பழுதாகிவிட்டால் அப்படித்தான் நடக்கும். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. காலத்தோடு கவனித்தால் காலையும் கையையும் காப்பாற்றலாம்.

நரம்பு என்று எதைச் சொல்கிறோம்?

நம் பேச்சு வழக்கில் இரண்டு வேறு பொருள்களை நரம்பு என்றே சொல்கிறோம். "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் அது ரத்தக்குழாயில் போட்டது. காலில் பச்சையாகப் புடைத்துக்கொண்டு வரும் "நரம்புச் சுருட்டு" என்பதும் ரத்தக்குழாய்தான். இந்தக் கட்டுரையில் நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல.

உண்மையான நரம்பு என்பது செய்தி கொண்டுபோகும் கம்பி. மூளையிலிருந்தும் முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பி உடம்பு முழுக்கப் போகிறது. மோட்டார் கொட்டகைக்குப் போகும் ஒயரைப் போல, ஒரு நரம்புக்குள் பல நுண்ணிய இழைகள் இருக்கும். சில இழைகள் தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும். சில இழைகள் சூட்டையும் வலியையும் கொண்டுபோகும். சில இழைகள் கை காலை அசைக்கச் சொல்லும். ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போலப் பல இழைகளுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறையும் உண்டு.

வலி ஏன் வருகிறது?

அடுப்பில் கை பட்டால் சட்டென்று எடுத்துவிடுகிறோம். விரல் நுனியிலிருந்து கிளம்பிய செய்தி தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போகிறது. "சுடுது" என்று நமக்குத் தெரிகிறது. ஆக, வலி நம்மைக் காப்பாற்றும் காவல்காரன். புண் ஆறியதும் செய்தி நின்றுவிடும். காவல்காரனும் படுத்துவிடுவான்.

மூளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. "போதும், தெரிஞ்சுக்கிட்டேன்" என்று தண்டுவடத்துக்குச் சொல்லி வலியைக் குறைக்கும் பிரேக் அதனிடம் இருக்கிறது. பிள்ளை கீழே விழுந்து அழுதால், அந்த நேரத்தில் நம் காலில் குத்திய முள் தெரியாமல் போகிறதே, அது இந்த பிரேக்கின் வேலை.

நரம்பே பழுதானால் என்ன ஆகும்?

மோட்டார் ஒயரின் உறையை எலி கடித்துவிட்டால் என்ன நடக்கும்? சுவிட்சைப் போடாமலே பொறி பறக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். ஏறக்குறைய அதேதான் நரம்பிலும் நடக்கிறது.

முதலாவது, பழுதான இழை யாரும் கூப்பிடாமலே தானாகச் செய்தி அனுப்பத் தொடங்குகிறது. காலில் நெருப்பு இல்லை, ஆனால் "எரியுது, எரியுது" என்ற செய்தி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. மூளைக்கு அது பொய்ச் செய்தி என்று தெரியாது. அதனால் நமக்கு நிஜமாகவே எரிகிறது.

இரண்டாவது, அந்தச் செய்தியை இரவும் பகலும் வாங்கி வாங்கித் தண்டுவடமும் மாறிப்போகிறது. ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டு நாயை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு இலை அசைந்தாலும் குரைக்கும். தண்டுவடமும் அப்படித்தான். சின்ன வலியைப் பெரிதாக்கி அனுப்பும். வெறும் தொடுதலையும் வலி என்று அனுப்பும். சேலை உரசினாலும் போர்வை பட்டாலும் சிலருக்கு உயிர் போகிற மாதிரி இருப்பது இதனால்தான்.

மூன்றாவது, மூளையின் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போகிறது.

இந்த மூன்றும் சேர்ந்துகொண்டால், ஆரம்பத்தில் வந்த நோய் போன பிறகும் வலி மட்டும் தங்கிவிடும். 3 மாதத்துக்கு மேல் நிற்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள் டாக்டர்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். அதில் நரம்பு வலியும் ஒரு பிரிவு. இனிமேல் யாராவது "இதெல்லாம் ஒரு நோயா?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

பெண்கள்தான் இப்படி மிகைப்படுத்துவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. குண்டு பட்டு நரம்பு அறுந்த வீரர்களை சைலஸ் வீர் மிட்செல் என்ற டாக்டர் கவனித்தார். காயம் ஆறிய பிறகும் அவர்கள் கை கால் எரிகிறது என்று துடித்தார்கள், ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவரும் உடன் வேலை செய்த டாக்டர்களும் இதை 1864-ல் புத்தகமாக எழுதினார்கள். கை காலை வெட்டி எடுத்த பிறகும் இல்லாத அந்தக் கை கால் வலிக்கிறது என்று பலர் சொன்னதையும் மிட்செல் பதிவு செய்தார்.

நம் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் இந்த வலியை ஆராய்ந்தார். இருக்கிற கையைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கை அசைவது போல மூளைக்குத் தோன்றச் செய்தபோது சிலருக்கு வலி குறைந்தது. போர் வீரனுக்கே இப்படி என்றால், நம் சகோதரியை நடிக்கிறாள் என்று சொல்வது எப்படி நியாயம்?

யாருக்கெல்லாம் வரலாம்?

நம் குழு உறுப்பினர்களிடமும் அவர்கள் வீடுகளிலும் நாங்கள் அதிகமாகப் பார்ப்பவை இவை.

1. சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் நரம்பும், நரம்புக்குச் சத்து கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக்குழாயும் கெடும். நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். அதனால் கால் விரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். பிறகு கைக்கும் வரும். சிலருக்கு ஒரே காலில் மரப்பும் எரிச்சலும் சேர்ந்தே இருக்கும். தொடு உணர்ச்சி இழை செத்துப்போய், வலி இழை தானாகக் கத்திக்கொண்டிருப்பதுதான் காரணம்.

2. அக்கி. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது வந்த கிருமி, அம்மை இறங்கிய பிறகும் நரம்பு வேரில் ஒளிந்திருக்கும். வயதாகி உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது, ஒரே பக்கமாக, பட்டை போலக் கொப்புளமாக வெளியே வரும். கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி தங்கும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது அதிகம். கொப்புளம் வந்த 3 நாளைக்குள் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்குவது நல்லது. அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். அந்த நம்பிக்கையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் காவி, மண் எதுவும் படக்கூடாது. எழுதப் போகிற நாளிலேயே ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள்.

3. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. தையல், பீடி சுற்றுவது, பால் கறப்பது, அரிவாள் பிடிப்பது என்று மணிக்கட்டை மடக்கி மடக்கி வேலை செய்பவர்களுக்கு வரலாம். கர்ப்ப காலத்திலும் தைராய்டு குறைபாட்டிலும் வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும், ராத்திரியில் அதிகமாகும். ஆரம்பத்திலேயே போனால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுக்கொள்வதே பலருக்கு நல்ல பலன் தரும். விட்டுவிட்டால் கட்டைவிரல் அடிச்சதை வற்றிப் பிடிமானம் போய்விடும்.

4. மற்ற காரணங்கள். முதுகு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது, பி12 சத்துக் குறைவு, அதிகக் குடிப்பழக்கம், விபத்தில் நரம்பு அறுபடுவது, சில புற்றுநோய் மருந்துகள், தொழுநோய். உடம்பில் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் அதைத் தொழுநோய்க்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கான மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதாகக் குணமாகும். காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நரம்பு கெடாமலிருக்க பி6 மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதையும் விடாமல் சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடும் சிலருக்கு பி12 குறையலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டு பி12 சோதனை செய்துகொள்ளலாம்.

என்ன மருந்து? எதை எதிர்பார்க்கலாம்?

மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் வீக்கத்தைக் குறைப்பவை. நரம்பு வலியில் வீக்கம் இல்லை. அதனால் அவை பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று கடையில் மேலும் மேலும் வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கடன் வாங்கி வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் சகோதரிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். வலியும் போகவில்லை, கடனும் அடையவில்லை.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளை டாக்டர்கள் தருகிறார்கள். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும், மற்ற இரண்டும் வலிப்புக்கும் கொடுக்கப்படுபவை. "எனக்குப் பைத்தியம்னு நினைச்சு மாத்திரை எழுதிட்டாங்க" என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. தானாகக் கத்தும் நரம்பை அமைதிப்படுத்தவும், மூளையின் பிரேக்கைப் பலப்படுத்தவும் இவை உதவுகின்றன. அதற்காகத்தான் தருகிறார்கள்.

மருந்து சாப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

- குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் "கேக்கலை" என்று விட்டுவிடக் கூடாது.
- தூக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல் வரலாம். எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருங்கள்.
- திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.
- கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, இதய நோய், சிறுநீரக நோய், கண் அழுத்த நோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
- ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் வேறொன்றை முயற்சி செய்வார்கள்.

வலி முழுசாகப் போய்விடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. பலருக்குப் பாதியாகக் குறையும். பாதி குறைந்தாலே ராத்திரித் தூக்கம் வரும், காலையில் வேலைக்குப் போக முடியும். அறுபட்ட நரம்பு வளர்ந்தாலும் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் பொறுமை வேண்டும். நசுங்கிய நரம்பானால் நசுக்குவதை நீக்க வேண்டும். சர்க்கரை காரணமானால் அதைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். காரணத்தைக் கவனிக்காமல் வலிக்கு மட்டும் மருந்து சாப்பிட்டால் சேதம் கூடிக்கொண்டே போகும்.

மரத்த காலைக் காப்போம்

எரிச்சல் தூங்க விடாது. ஆனால் அதைவிட ஆபத்தானது மரப்பு. முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. புண் பெரிதாகிக் காலையே எடுக்கும் நிலைக்குப் போன குடும்பங்கள் நம் பகுதியிலும் உண்டு.

- தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.
- வீட்டுக்குள்ளும் களத்திலும் வெறுங்காலில் நடக்காதீர்கள். போடும் முன் செருப்பை உதறிப் பாருங்கள்.
- எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடமோ சுடு செங்கலோ வேண்டாம். குளிக்கிற வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.
- கால் ஆணியை பிளேடால் செதுக்காதீர்கள்.
- பாதயாத்திரை, தீமிதி என்று நேர்ந்துகொண்டிருந்தால், டாக்டரிடம் காலைக் காட்டிக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"உடம்பெல்லாம் வலி" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு ஊசியோடு திரும்பி வர வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லுங்கள்:

- எந்த இடத்தில் தொடங்கியது, எது வரை பரவியது? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?
- எப்படி இருக்கிறது? எரிச்சலா, ஊசி குத்துவதா, கரண்ட் அடிப்பதா, எறும்பு ஊர்வதா, மரப்பா?
- துணி பட்டால் வலிக்கிறதா? ராத்திரியில் கூடுகிறதா?
- எத்தனை மாதமாக? அதற்கு முன் அக்கி, அடி, ஆபரேஷன் ஏதாவது உண்டா?
- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே சர்க்கரை சோதனை செய்வார்கள், தேவைப்பட்டால் மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள்.

கீழே உள்ளவை இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்: இடுப்பு வலியோடு கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருப்பது, தொடை இடுக்கில் உணர்ச்சி போவது; கண்ணைச் சுற்றி அக்கி; காலில் நிறம் மாறிய புண்; திடீரென்று ஒரு பக்கக் கை கால் இழுப்பது, வாய் கோணுவது.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

வலியுள்ள உறுப்பினர் தொடர்ந்து சில கூட்டங்களுக்கு வரவில்லை என்றால், அபராதம் எழுதுவதற்கு முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதை முன்நின்று செய்யலாம். அவர் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். வீட்டார் நம்பினாலே வலியின் பாதிச் சுமை இறங்கும்.

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுபவர்களுடன் ஒருவர் துணைக்குப் போகலாம். பஸ் செலவுக்கும் சோதனைச் செலவுக்கும் உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாம். கந்து வட்டிக்கு வாங்கி ஊசி போடுவதைவிட இது எவ்வளவோ மேல். வருடத்துக்கு ஒருமுறை 30 வயதைக் கடந்த எல்லா உறுப்பினரும் சர்க்கரை சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று குழுவே முடிவெடுக்கலாம். கிராம சுகாதார செவிலியரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, எல்லார் காலையும் பார்க்கச் சொல்லலாம்.

வரும் மாதக் கூட்டத்தில் பேச இரண்டு கேள்விகள்: நம் குழுவில் கால் எரிச்சல், மரப்பு, ஆறாத வலி யாருக்கெல்லாம் இருக்கிறது? அவர்களில் இதுவரை சர்க்கரை சோதனை செய்யாதவர்கள் யார்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, முதல் ஆளை எந்தத் தேதியில் யார் அழைத்துப் போவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.